சிலம்பாயியின் தொண்டைக்கட்டு

ஒரு காட்டில் வைத்தியம் தெரியாத பிராணி என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காட்டைப் பிடித்த பெரிய வியாதியே அதுதான்.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. அங்கே போய் ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள், தெரியும். இந்தப் பக்கமிருந்து ஒருவர் சுக்கோடு வருவார். அந்தப் பக்கமிருந்து ஒருவர் நொச்சித் தழையோடு வருவார். மூக்கில் தூசி போனதால் தும்மினேன் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டு, பத்தியமும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்தக் காட்டுக் குளத்தங்கரையில் சிலம்பாயி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் முட்டையிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். சண்டை போட அதற்குக் கொம்பும் இல்லை, கோரைப் பல்லும் இல்லை. குரல் ஒன்றுதான் உண்டு. யாராவது திருட்டுத்தனமாக வந்தால் காடே அதிரும்படி கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் மான்கள் ஓடிவிடும். குளத்தில் கிடக்கும் எருமை எழுந்து வந்து, வந்தவனை முட்டித் தள்ளிவிடும்.

அப்போது சிலம்பாயி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. உள்ளே குஞ்சுகள் அசைகிற நேரம். குளம் வற்றிக்கொண்டே வருகிறதே, குஞ்சுகளை அடுத்து எங்கே கூட்டிப் போவது என்று இடம் பார்க்க ஆண் குருவி வெளியூர் போயிருந்தது.

ஒருநாள் சிறுத்தை ஒன்று குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சிலம்பாயி விடவில்லை. காலையில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை கத்தித் தீர்த்தது.

"சே! நிம்மதியா ஒரு மானைப் பிடிக்க முடியுதா இங்கே!" என்று வெறுத்துப்போய்ச் சிறுத்தை மலைப்பக்கம் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் சிலம்பாயி வாயைத் திறந்தால் கரகரவென்று காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது.

அவ்வளவுதான் விஷயம். நாள் முழுக்கக் கத்தினால் யாருக்கும் தொண்டை கட்டத்தான் செய்யும். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் தானே சரியாகிவிடும். இது சிலம்பாயிக்கும் தெரியும். ஆனால் அதற்கு யார் முகத்தையும் முறித்துப் பேச வராது. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிடும். தலையாட்டுகிறவர் வீட்டு வாசலில்தான் வைத்தியர்கள் வரிசை கட்டி நிற்பார்கள்.

முதலில் வந்தது கரியன் என்கிற கரடி. கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, சிரட்டை நிறையத் தேன்.

"என்ன தங்கச்சி, தொண்டை கட்டிக்கிச்சாமே? எப்படி ஆச்சு?"

"நேத்துக் கத்தினேன்ல அண்ணே, அதான்..." என்றது சிலம்பாயி, மெல்லிய குரலில்.

"அட, இப்படிச் சுருக்கமாச் சொன்னா எப்படி? முதல்ல இருந்து சொல்லு. சிறுத்தை எந்தப் பக்கமா வந்துச்சு? நீ எப்போ பார்த்தே?"

கட்டின தொண்டையை வைத்துக்கொண்டு சிலம்பாயி முழுக் கதையையும் சொன்னது. பாதிக் கதையில் குரல் பாதியாகிவிட்டது. கரடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எதையும் கேட்காதது போலத் தலையை ஆட்டியது.

"இது குளிர்ச்சி. சந்தேகமே வேணாம். குளத்தங்கரையில குந்திக்கிட்டே இருந்தா குளிர்ச்சி தாக்காம என்ன பண்ணும்? தேன்ல மிளகு தட்டிப் போட்டிருக்கேன். ஒரு மண்டலம் நக்கு. பச்சைத் தண்ணியைக் கண்ணாலகூடப் பார்க்காதே."

"கத்தினதாலதான் அண்ணே. பேசாம இருந்தாலே சரியாயிடும்..."

"பேசாம இருந்தா எப்படிச் சரியாகும்? மருந்து சாப்பிட வேணாமா? போன மாசியில எனக்குக் குளவி கொட்டினப்போ இதுதான் கேட்டுச்சு!"

குளவி கொட்டினதற்கும் தொண்டை கட்டினதற்கும் என்ன சம்பந்தம்? என்னைக் கேட்காதீர்கள், கரடியைப் போய்க் கேளுங்கள். தேன் நல்லதுதான், மிளகும் நல்லதுதான், நான் இல்லையென்று சொன்னேனா? ஆனால் கதை கேட்காமல் கொடுத்திருந்தால் அந்தத் தேனே வேலை செய்திருக்கும்.

"சரிங்க அண்ணே" என்று சிலம்பாயி சிரட்டையை வாங்கி வைத்துக்கொண்டது.

கரடி போய்ச் சிலம்பாயி மூச்சு விடுவதற்குள் மரத்திலிருந்து தொப்பென்று குதித்தது அங்கம்மா என்கிற குரங்கு. அதன் கையிலும் ஒரு சிரட்டை.

"கரடி வந்துச்சா? தேன் கொடுத்துச்சா? அதுக்குத் தேனை விட்டா என்ன தெரியும்! அது கிடக்கட்டும், எப்படி ஆச்சு? முதல்ல இருந்து சொல்லு."

"அக்கா, தொண்டை..."

"சொன்னாத்தானேடி தெரியும்!"

சிலம்பாயி மறுபடியும் சிறுத்தை வந்த திசையிலிருந்து ஆரம்பித்தது. சொல்லி முடித்தபோது குரல் கால்வாசியாகிவிட்டது.

"எந்த வியாதிக்கும் வயிறுதான் வேர்" என்றது குரங்கு. "இது நிலாவரை இலையை ஊறப்போட்ட தண்ணி. குடிச்சியானா வயித்தைச் சுத்தமாக் கழுவி விட்டுரும்."

"தொண்டை கட்டினதுக்கு வயித்தை எதுக்கு அக்கா கழுவணும்?"

"தொண்டையும் வயிறும் ஒரே குழாய்தானே! ஆனா ஒண்ணு, இதைக் குடிக்கிறப்போ தேன் ஆகவே ஆகாது. ரெண்டும் சேர்ந்தா வயித்துக்குள்ள இடி இடிக்கும். வெந்நியா நிறையக் குடி."

பச்சைத் தண்ணீரைக் கண்ணால் பார்க்காதே என்று ஒருவர். வெந்நீரை நிறையக் குடி என்று ஒருவர். காட்டில் வெந்நீருக்கு அது எங்கே போகும்? எனக்கே கோபம் வருகிறது, சிலம்பாயிக்கு வரவில்லை. "சரிங்க அக்கா" என்று அந்தச் சிரட்டையையும் வாங்கிக்கொண்டது.

மூன்றாவதாகச் சேற்றோடு ஆடி அசைந்து வந்தது சடையன் என்கிற எருமை. அதன் கொம்பில் ஒரு சிரட்டை தொங்கியது. விளக்கெண்ணெய்.

"எப்படி ஆச்சு?" என்றது எருமை. நல்லவேளை, எருமை முழுக் கதையையும் ஒரு தடவைதான் கேட்டது. ஆனால் மெதுவாகக் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் "என்னது?" என்று கேட்டது.

கேட்டு முடித்து, "இது சூடு" என்றது.

"கரடி அண்ணன் குளிர்ச்சின்னு சொன்னாருங்களே மாமா?"

"கரடிக்கு என்ன தெரியும்? எந்நேரமும் முட்டை மேல உக்காந்தா உடம்பு சூடாகாம என்ன செய்யும்? இந்த விளக்கெண்ணெயைத் தொப்புள்ல வை. எல்லாச் சூடும் இறங்கிடும்."

முட்டையிலிருந்து வந்த குருவிக்குத் தொப்புள் எங்கே இருக்கிறது?

"எனக்குத் தொப்புள் இல்லீங்களே மாமா."

"தேடு" என்றது எருமை. "வச்சுட்டுப் போனாத்தான் எனக்கு மனசு ஆறும். நான் நிக்கிறேன், தேடு."

பாவம் சிலம்பாயி. முட்டையை விட்டு எழுந்து நின்று, இறகை விலக்கி விலக்கித் தேடுவது போலப் பாவனை செய்தது. எருமை கால் வலித்த பிறகுதான் சிரட்டையை வைத்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

ஒருநாளோடு விட்டார்களா? தினம் வந்தார்கள். "இப்போ எப்படி இருக்கு? வாயைத் திறந்து பேசு பார்ப்போம்!" என்று பேச வைத்துப் பார்த்தார்கள். குரல் தேறவில்லை என்றால், "நீ பத்தியம் இருக்கலை!" என்று அதன் மேலேயே பழியைப் போட்டார்கள். சிலம்பாயி யாருடைய மருந்தையும் குடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாங்கி வாங்கிப் பக்கத்துப் புதருக்குள் ஒளித்து வைத்தது. புதருக்குள் சிரட்டைகள் நிறைந்தன. சிலம்பாயியின் குரலோ அடியோடு போய்விட்டது. காதோடு வாய் வைத்துச் சொன்னால்தான் கேட்கும் என்கிற கதிக்கு வந்துவிட்டது.

இத்தனை பேர் சிரட்டையும் கையுமாகப் போவதையும் வருவதையும் ஒரு நரி பார்த்துக்கொண்டே இருந்தது. சிலம்பாயியின் முட்டைமேல் அதற்கு வெகுநாளாகக் கண். கிட்டே போனாலே அது கத்தும், எருமை வந்து முட்டும். இப்போதுதான் குரலே இல்லையே!

உச்சி வெயில் நேரம். கரடி குகைக்குள் குறட்டை விட்டது. குரங்கு கிளையில் கண்ணயர்ந்திருந்தது. எருமை குளத்துச் சேற்றில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நரி வழியில் கிடந்த அருகம்புல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, கேள்விப்பட்டதும் மனசு கேட்கலைம்மா. இது எங்க தாத்தன் காலத்து மருந்து. இந்தத் தழையை அலகுல கவ்விக்கிட்டு, அதோ தெரியுதே அத்தி மரம், அதை மூணு சுத்துச் சுத்தணும். ஆனா போகும்போது திரும்பியே பார்க்கக் கூடாது. பார்த்தா பலிக்காது."

"முட்டை..." என்றது சிலம்பாயி.

"நான் எதுக்கு இருக்கேன்? பெத்த அப்பன் மாதிரி பார்த்துக்க மாட்டேன்?"

இப்போது சிலம்பாயி என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் இங்கே உட்கார்ந்துகொண்டு "போ நரியே!" என்று கத்துகிறீர்கள். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"சரிங்க அண்ணே" என்றது. புல்லைக் கவ்விக்கொண்டது. எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது.

கொஞ்சத் தூரம் போயிருக்கும். பின்னாலிருந்து "கீச்" என்றொரு சத்தம். ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குஞ்சு முதன்முதலாகக் குரல் கொடுத்தது. எந்தத் தாய்தான் திரும்பிப் பார்க்காமல் இருப்பாள்? சிலம்பாயி திரும்பிப் பார்த்தது.

நரி முட்டைகளின் மேல் குனிந்து நின்றது. அதன் வாயிலிருந்து எச்சில் சொட்டுச் சொட்டாக முட்டையின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

சிலம்பாயி புல்லைத் துப்பிவிட்டு, உயிரைக் கொடுத்துக் கத்தியது. காற்றுதான் வந்தது. எருமை கூப்பிடு தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் கூப்பிடத்தான் குரல் இல்லை. எல்லாரும் விசாரித்து விசாரித்தே அதைத் தின்று தீர்த்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சிலம்பாயிக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் புத்தியும் வந்தது. குடுகுடுவென்று ஓடி வந்து நரியின் காதருகே நின்றது.

"ஐயையோ அண்ணே! உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

நரி திடுக்கிட்டு நிமிர்ந்தது. "முகமா? எனக்கு ஒண்ணும் இல்லையே!"

"வாயில எச்சில் வடியுதே! எனக்கும் முதல்ல இப்படித்தான் வடிஞ்சுது. நானும் ஒண்ணுமில்லைன்னுதான் இருந்தேன். இது ஒட்டுவாரொட்டி அண்ணே. கிட்ட வந்தாலே ஒட்டிக்கும்."

நரி அவசரமாக வாயைத் துடைத்தது. துடைக்கத் துடைக்க வடிந்தது. முட்டைகளை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு எச்சில் எப்படி நிற்கும்?

"அடுத்தாப்புல என்ன ஆகும்?" என்றது நரி.

"தொண்டை அடைச்சுக்கும். பசி உயிரைப் பிடுங்கும். தின்கிறது கண்ணு முன்னாடியே இருக்கும். ஆனா விழுங்க முடியாது. நான் ஒரு புழுவை முழுங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

நரி எச்சிலை விழுங்கிப் பார்த்தது. ஏதோ அடைப்பது போலத்தான் இருந்தது. வியாதியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும். மறுபடியும் விழுங்கிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் அடைத்தது.

"ஐயோ தங்கச்சி, மருந்து இல்லையா?"

"நம்ம காட்டுல மருந்துக்கா பஞ்சம்!" என்று சொல்லிப் புதருக்குள்ளிருந்து சிரட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தது சிலம்பாயி. "எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி ஒரே மூச்சுல குடிச்சிடணும். ஆனா வெறும் வயித்துல குடிச்சாத்தான் கேட்கும். வாயில சின்னதா எதையாவது போட்டீங்களோ, போச்சு, வியாதி உள்ளேயே தங்கிடும்."

நரி முட்டைகளைப் பார்த்தது. சிரட்டைகளைப் பார்த்தது. முதலில் மருந்து, அப்புறம் விருந்து என்று முடிவு பண்ணிக்கொண்டது.

"குடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சுச் சாப்பிடலாம்?"

"மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சா உங்களுக்கே தெரிஞ்சிடும் அண்ணே."

கரடி கொடுத்த தேனும் மிளகும், குரங்கு கொடுத்த நிலாவரைத் தண்ணீரும், எருமை கொடுத்த விளக்கெண்ணெயும், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் மடமடவென்று குடித்தது நரி. குடித்துவிட்டு முட்டைகளைப் பார்த்தபடி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சிலம்பாயி முட்டைகளுக்கு முன்னால் இறகை விரித்து நின்றது. 

பிறகு நரியின் வயிற்றுக்குள் கடமுடவென்று ஒரு சத்தம். நரி எழுந்து நின்றது. உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. முகம் அஷ்டகோணலாயிற்று. வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, முட்டையை மறந்து, வந்த வழியை மறந்து, விழுந்தடித்து ஓடியது. எங்கே ஓடியது என்று கேட்காதீர்கள். நல்ல பிள்ளைகள் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

நரி ஓடிய சத்தத்தில் குரங்கு கண் விழித்தது. மேலேயிருந்து நரி ஓடுகிற கோலத்தைப் பார்த்தது.

"நரிக்கு வயித்தால போகுதுடோய்!" என்று கிளைக்குக் கிளை தாவிச் சொன்னது.

அவ்வளவுதான். கரடி தேனை எடுத்துக்கொண்டு கிளம்பியது. எருமை விளக்கெண்ணெயைக் கொம்பில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் நரியின் பொந்துக்குப் போய்ச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"எப்படி ஆச்சு? முதல்ல இருந்து சொல்லு" என்றது கரடி.

நரி என்ன சொல்லும்? முட்டை திருடப் போனேன் என்றா சொல்லும்? "ஏதோ ஒத்துக்கலை" என்று முனகியது.

"எது ஒத்துக்கலை? எங்கே சாப்பிட்டே? யார் கொடுத்தா?" என்றது குரங்கு. "மிச்சம் மீதி உள்ளே இருக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் நிலாவரை குடி."

"வேணாம்! அது மட்டும் வேணாம்!" என்று நரி அலறியது.

"இது சூடு" என்றது எருமை. நரிக்குத் தொப்புள் உண்டு. அதனால் எருமைக்கு அன்றைக்குப் பரம சந்தோஷம். நரியை ஒரு காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரட்டையைக் கவிழ்த்தது.

தினம் காலையில் மூவரும் போனார்கள். தினம் நரி முதலிலிருந்து ஒரு புதுப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் போய்ப் பார்த்தால் பொந்து காலியாக இருந்தது. பத்தியத்துக்குப் பயந்து அது காட்டை விட்டே ஓடிப்போயிருந்தது.

இதற்கிடையில் சிலம்பாயியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அப்பாடா! அது வாயை மூடிக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்தது, பசித்தால் புழு தின்றது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. ஒருநாள் காலையில் குஞ்சுகளைக் கூப்பிட வாயைத் திறந்தது. குரல் பழையபடி கணீரென்று வந்தது. சிலம்பாயிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சத்தம் கேட்டு மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.

"பார்த்தியா! என் தேனோட வேலை!" என்றது கரடி.

"தேனாவது மண்ணாவது! வயித்தைக் கழுவினது யாரு?" என்றது குரங்கு.

"விளக்கெண்ணெய்" என்றது எருமை.

"என் மிளகு!"

"என் நிலாவரை!"

"விளக்கெண்ணெய்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, எருமை அழுத்தத்துக்காக ஒரு காலைத் தூக்கித் தரையில் ஓங்கி வைத்தது. குளம்பு விழுந்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி ஒரு குஞ்சு நின்றுகொண்டிருந்தது.

"காலை எடு!"

சிலம்பாயி போட்ட சத்தத்தில் எருமை பின்னால் துள்ளியது. குரங்கு மரத்தில் ஏறிவிட்டது. சிறுத்தைதான் வந்துவிட்டது என்று அக்கரையில் மான்கள் ஓடின.

"தள்ளிப் போங்க எல்லாரும்! யார் மருந்தையும் நான் குடிக்கலை! பேசாம இருந்தாச் சரியாயிடும்னு அன்னைக்கே சொன்னேன். ஒருத்தராவது காதுல வாங்கினீங்களா? பேச வச்சுப் பேச வச்சு என் குரலையே கொன்னீங்க. நரி வந்து என் முட்டை மேல எச்சில் வடிச்சுக்கிட்டு நின்னப்போ, மாமா, உங்களைக் கூப்பிடக் குரல் இல்லாம நான் துடிச்சேன்! இனிமே வேணும்னா நானே கேட்பேன். கேட்டா மட்டும் கொடுங்க!"

 எருமை தலையைக் குனிந்துகொண்டது. குரங்கு கிளையைச் சுரண்டியது. கரடிதான் மெதுவாக ஆரம்பித்தது.

"தங்கச்சி, இப்படிக் கத்தினியானா நாளைக்கு மறுபடியும் தொண்டை கட்டிக்கும். அதனால கொஞ்சம் தேன்ல மிளகைப் போட்டு..."

சிலம்பாயி கரடியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது.

கரடி சிரட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. திரும்பி, தேனைத் தானே நக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

நீதி: நோயாளி சொல்வதைக் காதில் வாங்காமல் நீட்டுகிற மருந்து, மருந்தல்ல; அதுவும் ஒரு நோய்.